கடலுக்குள் போன கிணறு

தீவகத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளவில் இளநீர் போல இனிக்கும் கிணறும், வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் வாயில் வைக்க இயலாத உவர்க் கிணறும் இருப்பது எங்களுக்குப் புதுமையன்று. சம்பந்தம் பேசப் போன இடத்தில், சீதனத்தை விசாரிப்பதற்கு முன்னரே "தண்ணி எப்பிடி?" என்று கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆதலால், எங்கள் கிணறுகளின் படமொன்று கணினிக்குள்ளே நிலை தடுமாறிப்போன கதையை இங்கு எழுதப் புகுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கணினியோடு பழக்கமில்லாத வாசகர்களும் அஞ்சாமல் வாசிக்கலாம். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவருக்கு விளங்கிய அளவுக்கு மேல் இதில் நுட்பம் எதுவும் வராது.

எங்கள் நிலத்தடியில் நன்னீர் எவ்வாறு நிற்கிறது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். தீவுகளில் ஆறு இல்லை, மலை இல்லை. மாரியிற் பெய்யும் மழை மணலுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் சற்று இலேசானது என்பதனால் இந்த அதிசயம் நிகழ்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்ட கணக்கு. வில்லை நடுவிலே தடித்தும் விளிம்பிலே மெலிந்தும் இருக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். நல்ல கிணறு என்பது, ஆகவே, நல்ல இடம் என்பதன் மறுபெயர். நூறு யார் தள்ளி வெட்டியவன் உவரைத்தான் குடிப்பான்.

1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைப் பெரும்பாலும் வெறுமையாக்கியது. சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்துக்கு அப்பாலும், பிறகு கடலுக்கு அப்பாலும் போனார்கள். கிணறுகளை எவரும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் கண்டது பற்றைக் காட்டையே. அந்தப் பற்றைகளுக்குள் கட்டு இடிந்த கிணறுகள் வாய் பிளந்து கிடந்தன. மாடு விழுந்ததும் உண்டு. மனிதர் விழப் பார்த்ததும் உண்டு.

இந்நிலையில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்ட அலுவலகத்தார் வேலணைக்கு வந்து, பழைய நில அளவைப் படங்களைப் பார்த்து, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆகிய இடங்களின் கிணறுகளைக் கணினியில் புள்ளிகளாகப் பதித்தார்கள். பிறகு திட்டம் முடிந்தது, அலுவலகமும் போயிற்று. எங்கள் வாசிகசாலைக்கு ஒரு பழைய கணினியையும், அதனுள்ளே இந்தப் படத்தையும் விட்டுச் சென்றார்கள். புள்ளிகள் இருந்தன, பெயர்கள் இல்லை. அப்பெயர்களைத் தேடும் வேலையை நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் மேற்கொண்டோம். சனிக்கிழமைகளில் கொப்பியும் பென்சிலுமாகப் போய், வீடு வீடாக வயோதிபர்களிடம் கேட்டோம். புளியடிக் கிணறு, ஆலடித் துரவு, மடத்துக் கிணறு என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். நல்ல தண்ணீரா, சவரா, கோடையில் வற்றுமா என்பவையும் எழுதப்பட்டன. வாசிகசாலையில் தட்டச்சுத் தெரிந்த ஒருவர் அவற்றைக் கணினியில் ஏற்றினார். இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்த வேலை அது. பெயர் சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

நாங்கள் கையாண்ட மென்பொருளின் பெயர் கியூஜிஐஎஸ் என்பது. கேரி ஷேர்மன் என்பவர் 2002ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த இது, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களால் வளர்க்கப்பட்டு, எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. பணமில்லாத வாசிகசாலைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிற்கும் என்ற செய்தியை வாசகர்கள் அறிவார்கள். உலகத்தின் பெரிய அலுவலகங்கள் பட்ட பாட்டைச் சிறிய அளவில் எங்கள் வாசிகசாலையும் பட்டது. பழைய பெட்டி விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. ஆகவே யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையில் ஓரளவு புதிய பெட்டி ஒன்றை வாங்கி, அதில் புதிய இயங்குதளத்தை ஏற்றுவித்து, பழையதில் இருந்த ஆவணங்களை ஒரு சிறு நினைவுக் குச்சியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பழைய பெட்டியின் வட்டு துடைக்கப்பட்டு ஒரு பாலர் பாடசாலைக்குப் போயிற்று. வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கிப் படத்தைத் திறந்தான். திறந்தது. புள்ளிகள் தெரிந்தன. எல்லாம் நலம் என்றே எல்லோரும் எண்ணினோம்.

அந்த நாட்களில்தான் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வேலணையில் தம் தாயார் தண்ணீர் அள்ளிய புளியடிக் கிணற்றைத் துப்புரவாக்கிக் கட்டுக் கட்டுவிக்க விரும்புவதாகவும், அது எவ்விடம் என்று தமக்கு நினைவில்லை என்றும், ஊரை விட்டுப் போகும்போது தமக்கு ஐந்து வயது என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. தம்பி கணினியில் தேடி, அந்தப் புள்ளியை அவருக்கு அனுப்பினான். அவர் அதை ஒரு மேசனுக்கு அனுப்பினார். மேசன் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அது காட்டிய வழியே போனார். மாலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்ரர், நீங்கள் காட்டின இடத்திலை கிணறுமில்லை, புளியுமில்லை. வெறுந் தரவைதான் கிடக்கு. உப்புப் பூத்துப் போய்க் கிடக்கு. அதுக்குள்ளை ஆர் கிணறு வெட்டினது?"

அவருடைய கேள்வி நியாயமானது. புளியமரம் என்றோ தறிக்கப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உப்புத் தரவைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்ததாக எந்தக் கிழவியும் எனக்குச் சொன்னதில்லை.

என் மகளின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். அந்த வார இறுதியில் அவள் வந்து, புள்ளிகளுக்கு அடியில் செய்மதிப் படத்தை விரித்துப் பார்த்தாள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு இட்ட புள்ளி கடலில் நின்றது. நயினாதீவின் மேற்குக் கரையோரக் கிணறுகள் சில அலையின் மேல் மிதந்தன. நான் பதறிப்போனேன், அவள் பதறவில்லை.

"அம்மப்பா, வடிவாய்ப் பாருங்கோ. எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாய், ஒரே அளவுக்குத்தான் விலகியிருக்கு. பதிஞ்சவையின்ரை கைப்பிழையெண்டால் இப்பிடி ஒழுங்காய் வராது."

"எவ்வளவு தூரம் பிள்ளை?"

"மேற்காலை இருநூற்று முப்பது மீற்றர் மட்டிலை. தெற்கு வடக்காய் அவ்வளவு இல்லை."

அந்த அளவைக் கேட்டதும் எனக்கு விடயம் விளங்கிற்று. இது கிணற்றின் பிழையன்று. பூமியை எங்கிருந்து அளக்கத் தொடங்கினார்கள் என்பது பற்றிய பிணக்கு.

அகலாங்கு, நெட்டாங்கு என்பவை வானத்திலிருந்து இறங்கிய மாறாத எண்கள் என்று நாம் பாடசாலையில் எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறன்று. பூமி சரியான உருண்டையுமன்று, ஒழுங்கான முட்டையுமன்று. அளப்பவர் முதலில் அதற்கு ஓர் உருவத்தைக் கற்பித்து, அந்த உருவத்தை ஓரிடத்தில் பொருத்தி வைத்து, அங்கிருந்து அளக்கிறார். இந்தியாவை அளந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் 1830ஆம் ஆண்டில் கணித்த உருவமே எங்கள் நாட்டுப் படங்களுக்கும் அடிப்படையாயிற்று. 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எங்கள் நில அளவைத் திணைக்களம், நீர்கொழும்புப் பக்கத்திலுள்ள கண்டவல என்னும் இடத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்நாட்டை அளந்தது. அந்த ஏற்பாட்டுக்குக் கண்டவல என்பதே பெயர். மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் 72 தாள்களாக வெளிவந்த பழைய படங்கள் யாவும் அதனைச் சார்ந்தவை. நானும் என் மாணவர்களும் ஆயுள் முழுவதும் பார்த்தவை அவைதாம்.

கைத்தொலைபேசி பார்ப்பதோ வேறோர் உருவத்தை. செய்மதிகளுக்காக 1984ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அந்த உலகப் பொது உருவம் பூமியின் நடுவையே மையமாகக் கொண்டது. எவரெஸ்ட் கணித்த ஆரையிலும் அதன் ஆரை 861 மீற்றர் கூடியது. இரண்டின் மையங்களும் ஒன்றல்ல. ஆகவே, ஒரே கிணற்றுக்கு இரண்டு ஏற்பாடுகளிலும் வெவ்வேறு எண்கள் வரும். ஒரு வளவை ஒருவர் மேற்கு எல்லைக்கல்லிலிருந்தும் மற்றவர் படலையிலிருந்தும் அளந்தால், இருவருடைய முழமும் சரியாக இருந்தும் கணக்கு ஒவ்வாதல்லவா? கண்டவல எண்ணை உலகப் பொது எண் என்று நினைத்து வாசித்தால், எங்கள் தீவுகளில் ஒவ்வொரு பொருளும் ஏறக்குறைய 230 மீற்றர் மேற்கே போய் நிற்கும். வேலணையில் அது தரவை. குறிகட்டுவானில் அது கடல்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திணைக்களத்தின் சதுரக் கட்டப் படங்களில் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பேதுருதாலகாலை நடுப்புள்ளி. பழைய கட்டத்தில் அந்த மலையின் இரு எண்களும் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டின் புதிய கட்டத்தில் 500,000 மீற்றர். ஒன்றை மற்றதென்று எவரேனும் மயங்கினால், கிணறு வடக்கே 300 கிலோமீற்றரும் கிழக்கே 300 கிலோமீற்றரும் பறந்து வங்காள விரிகுடாவின் நடுவே விழும். பார்த்தவுடனே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 230 மீற்றர்ப் பிழைதான் பொல்லாதது. அது பக்கத்து வளவிலே நல்ல பிள்ளை போல நின்றுகொண்டிருக்கும்.

அப்படியானால், பழைய கணினியில் இத்தனை வருடங்களாகப் படம் சரியாக இருந்தது எங்ஙனம்? அந்த அலுவலகத்தின் இளைஞர் ஒருவர், இன்ன படம் கண்டவல ஏற்பாட்டைச் சேர்ந்தது, இன்ன அளவு நகர்த்துக என்று மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அச்சொல் படத்தோடு எழுதப்படவில்லை. பயனாளரின் விருப்பங்களை மென்பொருள் சேர்த்து வைக்கும் மறைவான கோப்புறை ஒன்றில் அது கிடந்தது. கடைக்காரர் ஆவணங்களையெல்லாம் பத்திரமாக எடுத்துத் தந்தார். கண்ணுக்குத் தெரியாத கோப்புறையை அவர் எவ்வாறு அறிவார்? புதிய கணினி படத்தைத் திறந்தபோது, "இது எந்த ஏற்பாடு?" என்று ஒரு சிறு கேள்விக்குறியை இட்டு நின்றது. தம்பி வழக்கமான உலகப் பொது ஏற்பாட்டைத் தெரிந்து கொடுத்தான். பத்தில் ஒன்பது படங்களுக்கு அதுவே சரியான விடை. மென்பொருளையும் குறை சொல்வதற்கில்லை. தெரியாததைத் தெரியாதென்று அது கேட்டது.

எல்லோருக்கும் தெரிந்தது என்று எழுதாமல் விட்டதே முதலில் தொலைகிறது என்பது என் அபிப்பிராயம். எங்கள் முன்னோர் எழுதுவித்த காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பு எவ்வளவு, கிழக்கே இன்னாருடைய வளவு, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் தோட்டம், கிணற்றிலே இத்தனை பங்கு, வழிவாய்க்கால் பாத்தியதை என்று நொத்தாரிசு ஒன்றையும் விடாமல் எழுதியிருப்பார். அதனையும் காலம் சோதித்துத்தான் விட்டது. "கிழக்கே இன்னாருடைய வளவு" என்றால், அந்த இன்னார் இன்று பாரிசிலோ இலண்டனிலோ இருக்கிறார்; அவருடைய வேலியும் இல்லை. ஆயினும் எங்கிருந்து எதை அளந்தோம் என்பதை அந்த உறுதி ஒளிக்கவில்லை. கணினிப் படத்துக்கு அந்த ஒரு வரி இல்லாமற் போயிற்று.

இடத்தின் கதை இது. பெயரின் கதை இதைவிட மோசமானது.

எங்கள் பெயர்கள் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. ஈழத்துத் தமிழர் எத்தனையோ பேர் கணினியில் தமிழெழுதிப் பழகியது அதனால்தான். அதன் நன்றியை நான் மறக்கமாட்டேன். ஆனால் அதன் உள்ளே தமிழ் இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ்ச் சட்டையைப் போட்டுக் காட்டுகிறது எழுத்துரு. வேலணை என்று நாம் வாசிப்பது, உள்ளே என், டி, வை, ஐ, இஸட் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு வகரம், பிறகு லகரம், பிறகு ஐகாரக் குறி, கடைசியில் ணகரம். மெய்யெழுத்தின் புள்ளி அங்கே ஓர் ஆங்கில அரைப்புள்ளி. புதிய கணினியில் பாமினி இல்லை, சட்டை கழன்றது. எங்கள் தீவுகளின் கிணறுகளெல்லாம் ஆங்கிலமுமல்லாத தமிழுமல்லாத ஒரு பாஷையில், அரைப்புள்ளிகள் தெறித்த முகத்தோடு நின்றன.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் உள்ள தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். அவற்றுள் டெல்வ்ற் மாத்திரமே ஆங்கில வழக்கில் நிலைத்தது. மற்றவை படத்திலேயே செத்துப்போயின. ஏனெனில் மண்ணில் இருந்தவர்கள் தங்கள் வாயால் தங்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்ல ஆளில்லாத இந்நாளில், படத்தில் உள்ள பெயரே பெயர். இந்த வேறுபாடுதான் என் நெஞ்சை உறுத்திற்று.

தம்பி கெட்டிக்காரன். பாமினியை யுனிகோட் தமிழாக மாற்றும் ஒரு மாற்றியைத் தேடி, எல்லாப் பெயர்களையும் ஓரிரவில் மாற்றிவிட்டான். யுனிகோட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் தீவுகள் வெறுமையான அதே ஆண்டு என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அதன்படி எழுதியது எந்தக் கணினியிலும், எந்தத் தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் அகப்படும். தம்பி செய்தது சரியான காரியமே. ஆனால் படம் இருந்தது ஷேப் கோப்பு என்னும் பழைய வகையில். அது ஒரு கோப்பன்று; குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்த குடும்பம். பெயர்களை வைத்திருக்கும் அங்கத்தவர் 1980களின் தரவுத்தள முறையைச் சேர்ந்த முதியவர். ஒரு பெயருக்கு இவ்வளவு இடம் என்று முதலிலேயே அளந்து ஒதுக்கிவிடுவார். எங்கள் பெயர்களுக்கு ஒதுக்கப்பட்டது 30 பைட். பாமினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அது தாராளம். யுனிகோட்டிலோ, நாம் வழக்கமாகச் சேமிக்கும் முறையில், தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும்.

விளைவு யாதெனில், புளியடிக் கிணறு என்பதில் 'புளியடிக்' என்பது மாத்திரம் நின்று, கிணறு உள்ளே விழுந்துவிட்டது. ஆலடித் துரவு, 'ஆலடித் துர' என்று நின்றது. மூன்று நான்கு சொற்கள் கொண்ட நீண்ட பெயர்கள் முதற் சொல்லோடு நின்றன. ஒரே தெருவில் ஒரே முதற் சொல்லோடு தொடங்கிய இரண்டு கிணறுகள் இரட்டைப் பிள்ளைகளாயின. நினைவுக் குச்சியில் இருந்த கோப்பின் மேலேயே அது சேமிக்கப்பட்டிருந்தது. பழைய வட்டோ ஏற்கெனவே துடைக்கப்பட்டுவிட்டது.

அப்போதுதான் பிள்ளைகளின் கொப்பிகள் நினைவுக்கு வந்தன. வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் அவற்றை வைத்திருந்தேன். வேலணைக் கொப்பிகளும் புங்குடுதீவுக் கொப்பிகளும் முழுமையாக இருந்தன. நயினாதீவுக் கொப்பி இரண்டைக் கறையான் தின்றிருந்தது. பேத்தியும் நானும் மேசையில் அமர்ந்து, கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் திருத்தினோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்து. சில இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் "இந்த ஆச்சி எங்களுக்குப் பனங்கட்டி தந்தா" என்றும் எழுதியிருந்தது. அதனையும் ஏற்றலாமா என்று பேத்தி கேட்டாள். குறிப்பு என்று ஒரு நிரல் சேர்த்து ஏற்றச் சொன்னேன்.

நயினாதீவின் பெயர்களுக்காக நாங்கள் இருவரும் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறினோம். அன்றும் படகு நிறைய அம்மன் கோயிலுக்குப் போகும் அடியார்களும் விகாரைக்குப் போகும் யாத்திரிகர்களுமாக இருந்தார்கள். முன்பு பெயர் சொன்னவர்களில் இருவர் காலமாகிவிட்டனர். எஞ்சியிருந்த ஓர் ஆச்சி திண்ணையில் இருந்தபடியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உதெல்லாம் அண்டைக்கே எழுதிக்கொண்டு போனனீங்கள்தானே மாஸ்ரர்? பிறகென்ன?"

"கொம்பியூட்டர் மாத்தினதிலை பாதி அழிஞ்சு போச்சு ஆச்சி."

"அதுக்கு மறந்து போச்சோ? எனக்கு மறக்கேல்லை. எழுது பிள்ளை."

ஆச்சி சொன்னார், பேத்தி எழுதினாள். காலமான இருவரின் பகுதிக் கிணறுகள் சிலவற்றுக்கு ஆச்சிக்கும் பெயர் தெரியவில்லை. அவை இன்று எங்கள் படத்தில் பாதிப் பெயரோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு நிற்கின்றன. ஊகித்து நிரப்ப நான் சம்மதிக்கவில்லை.

இப்போது படம் 2014ஆம் ஆண்டில் வெளியான ஜியோபேக்கேஜ் என்னும் வகையில் இருக்கிறது. எல்லாம் ஒரே கோப்பு. பெயர் எவ்வளவு நீளமானாலும் வெட்டுவதில்லை. எந்த ஏற்பாட்டில் அளந்தது என்ற விவரமும் அதற்குள்ளேயே இருக்கும். மாணவர்கள் சிலருக்குப் பயன்படலாம் என்பதற்காக, பேத்தி செய்துவைத்த வேறு சிலவற்றையும் சொல்கிறேன். மென்பொருளின் விருப்பங்கள் இருக்கும் கோப்புறையை அந்த மென்பொருளே திறந்து காட்டும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் அதனையும் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும் என்றாள். 2018ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்போடு பழைய துணைச் செருகிகள் இயங்காமற் போனதால், எவை எவை வேண்டும் என்ற பட்டியலையும் எழுதி வைத்தாள். படத்தோடு ஒரு சிறு உரைக் கோப்பும் இருக்கிறது: கிணறுகள் பழைய படங்களிலிருந்து பெறப்பட்டவை, ஏற்பாடு கண்டவல, பெயர்கள் இன்ன ஆண்டுகளில் இன்ன ஊர்களில் கேட்டு எழுதப்பட்டவை. நொத்தாரிசு எழுதியது போல இருக்கிறதென்று நான் சொன்னேன். அவளுக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை.

கண்டவல ஏற்பாட்டை உலகப் பொது ஏற்பாட்டுக்குக் கொண்டுவர, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அட்டவணை தரும் மூன்று எண்கள் உண்டு: கழித்தல் 97, கூட்டல் 787, கூட்டல் 86. பூமியின் மையத்தை மூன்று திசைகளில் அவ்வளவு மீற்றர் நகர்த்த வேண்டும் என்பது பொருள். அவ்வெண்களிலும் ஒவ்வொன்றுக்கும் 20 மீற்றர் வரை முன்பின் இருக்கலாம். ஆகவே கணினி சரியென்று சொன்னதோடு நாங்கள் நிற்கவில்லை. எனக்கு நன்கு தெரிந்த வாசிகசாலைக் கிணற்றடியில் தொலைபேசியோடு நின்று பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு மீற்றர் வேறுபாடே இருந்தது. பற்றைக்குள் ஒரு கிணற்றைத் தேடுபவனுக்கு அது போதும்.

மேசனையும் கூட்டிக்கொண்டு புதிய புள்ளியைத் தேடிப் போனோம். தரவையைத் தாண்டிக் கிழக்கே, நிலம் சற்று உயர்ந்து மணற்பாங்காகும் இடம் அது. முட்பற்றை மூடிக் கிடந்தது. முன்னே நடந்த தம்பியை மேசன் சட்டையில் பிடித்து இழுத்தார்.

"கால் வையாதை தம்பி! உதிலை கட்டில்லை."

கொடி மூடிய கிணற்றின் வாய் அவன் காலடியில் இருந்தது. பக்கத்திலே ஒரு பெரிய புளியமரத்தின் அடிக்கட்டை பாதி உக்கியபடி நின்றது.

இறைத்துச் சேறு அள்ள மூன்று நாள் பிடித்தது. ஓர் ஒடிந்த துலாவும், ஒரு பித்தளைச் செம்பும், எண்ணற்ற பனங்கொட்டைகளும் வந்தன. நான்காம் நாள் ஊறிய தண்ணீரை மேசன் கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நல்ல தண்ணீர். செம்பின் படத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். அது தம் தாயாருடையதா என்று தமக்குத் தெரியவில்லை என்றும், கட்டை உயர்த்தி மேலே வலை போடும்படியும் அவர் எழுதினார். அவ்வாறே செய்யப்பட்டிருக்கிறது. அந்த வளவுக்குக் குடியிருக்க இன்னும் எவரும் வரவில்லை. அயலில் உள்ள இரண்டு வீட்டார் கோடையில் அங்கே தண்ணீர் அள்ளுகிறார்கள்.